பத்துப் பேருக்கு வீட்டில் திருநெல்வேலிச் சொதி: தேங்காய்ப்பால் திரியாமல் வைப்பது எப்படி?

நங்கநல்லூர் பசி கேட்டது:

வரும் ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. அலுவலக நண்பர்களும் அவர்கள் வீட்டாரும். வெளியே எங்காவது போய்விடலாம், எதற்குச் சிரமம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நான்தான் வீட்டுக்கே வாருங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். கடையில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஆளுக்கொன்று சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு மட்டும் பேசி, கடைசியில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று போனைத் தட்டிக்கொண்டிருப்போம். ஒரே பாத்திரத்துக் குழம்பை எல்லாரும் ஊற்றிச் சாப்பிடும்போது வருகிற பேச்சே வேறு. இது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அதற்குத் தனி இழை தொடங்கலாம், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

எனக்கு ஊர் விழுப்புரம் பக்கம். காரக்குழம்பு, கருவாட்டுக்குழம்பு, மல்லாட்டை (வேர்க்கடலை) சட்னி என்று வளர்ந்த நாக்கு. சில வருடங்களுக்கு முன்பு பாளையங்கோட்டையில் நண்பன் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மறுவீட்டுச் சாப்பாட்டில்தான் சொதியை முதல்முறை பார்த்தேன். மிளகாய்த்தூள் வாசனையே இல்லாமல் வெளுப்பாக ஒரு குழம்பை இலையில் ஊற்றியதும் யாருக்கோ பத்தியம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சாப்பிட ஆரம்பித்த பிறகு பச்சை மிளகாய்க் காரம் மெதுவாகப் பின்னால் வந்து ஏறியது, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேறு. அதிலிருந்து அந்த ருசி நாக்கைவிட்டுப் போகவில்லை. சென்னையில் ஒன்றிரண்டு கடைகளில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஒன்றில் தேங்காய்ப்பால் ஊற்றிய வெஜிடபிள் குருமாவைக் கொடுத்துச் சொதி என்றார்கள், இன்னொன்றில் சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய ஏதோ ஒன்று.

இதையே ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்கலாம் என்று இருக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. வருகிறவர்களில் ஒரு குழந்தைக்குப் பால் பொருள் எதுவுமே ஒத்துக்கொள்ளாது. தயிர், நெய், பன்னீர் எதுவும் கூடாது, கொஞ்சம் பட்டாலே தடிப்பு வந்துவிடும் என்று அந்த அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். தேங்காய் நன்றாகச் சாப்பிடுமாம், அதைக் கேட்டு வைத்துக்கொண்டேன். ஆக மோர்க்குழம்பும் பால் பாயசமும் போயின. அந்தக் குழந்தைக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் எதையோ வைத்துவிட்டு மற்றவர்கள் வேறு சாப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் என் மனைவி இதற்கு எதிர்க்கட்சி. சாம்பார், வடை, வெல்லப் பாயசம் போதும், பழக்கமில்லாததை விருந்தன்று பரீட்சை பார்க்கக் கூடாது என்கிறார். நாங்கள் இருவருமே நன்றாகச் சமைப்போம், பிரியாணி வரைக்கும் பயமில்லை. ஆனால் தேங்காய்ப்பால் இவ்வளவு அளவில் ஊற்றிச் செய்த அனுபவம் கிடையாது. இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு மிக்ஸி, ஐந்து லிட்டர் குக்கர், அவ்வளவுதான் படைபலம்.

எத்தனை தேங்காய் வேண்டும், எந்தக் காய் போடலாம், எதைப் போடக் கூடாது, பால் திரியாமல் இருக்க என்ன வழி, முதல்நாளே ஏதாவது செய்து வைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாமிரபரணி அக்கா:

தம்பி, தாராளமாக வையுங்கள். எங்கள் பக்கம் இதற்கு மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டில் போடும் மறுவீட்டு விருந்தில் இதுதான் ராஜா, அதிலும் சைவப் பிள்ளைமார் வீடுகளில் சொதி இல்லாமல் மறுவீடு நடந்தது என்று சொன்னால் ஊரே சிரிக்கும். நூறு பேருக்கு வைக்கிற குழம்பு, பத்துப் பேருக்கு என்ன கேடு.

அளவு சொல்கிறேன். நல்ல முற்றின பெரிய தேங்காய் மூன்று. சிறியதாக இருந்தால் நான்கு. வாங்கும்போதே ஆட்டிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் சலசலவென்று கேட்க வேண்டும். பருப்பு நன்றாகத் தடித்துக் கெட்டியாக இருந்தால்தான் பால் கொழுப்பாக வரும், சட்னிக்கு வாங்குகிற இளசு இதற்கு ஆகாது. பாசிப்பருப்பு 200 கிராம். காய் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ. சின்ன வெங்காயம் கால் கிலோ, உரித்து முழுசாகவே போட வேண்டும், நறுக்கினால் கரைந்துபோகும். பூண்டு இரண்டு முழுசு, அதுவும் பல் பல்லாக. பச்சை மிளகாய் பன்னிரண்டிலிருந்து பதினைந்து, இஞ்சி 50 கிராம், இரண்டையும் சேர்த்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். காரம் முழுக்க இந்த விழுதுதான். குழந்தைகள் இருப்பதால் முதலில் பாதி போட்டு ருசி பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

காய் என்றால் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், பச்சைப் பட்டாணி, முருங்கைக்காய். முருங்கைக்காய் கட்டாயம் வேண்டும், அதன் வாசனை பாலில் இறங்கினால்தான் சொதி சொதியாக இருக்கும். சிலர் காலிஃப்ளவர் போடுவார்கள், எனக்குப் பிடிக்காது, மொத்தக் குழம்புக்கும் அதன் வாடை ஏறிவிடும். பீட்ரூட் போட்டால் நிறம் போயிற்று. கத்தரிக்காய் கறுத்துவிடும். வெண்டைக்காய், பூசணி, புடலை வேண்டாம். தக்காளியை மட்டும் கிட்டவே சேர்க்காதீர்கள். மஞ்சள்தூளும் கிடையாது. பட்டை, கிராம்பு, சோம்பு போட்டால் அன்றைக்கு நீங்கள் கடையில் சாப்பிட்ட குருமாதான் வரும்.

தேங்காயைத் துருவி, வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு தம்ளருக்கு மேல் போகாமல் அரைத்து, வெள்ளைத் துணியில் போட்டு இறுக்கிப் பிழிந்தால் முதல் பால். அதைத் தனியாக மூடி வையுங்கள். அதே சக்கையில் மூன்று தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னும் ஒரு மூன்று தம்ளர் விட்டால் மூன்றாம் பால், அது பேருக்குத்தான் பால், காய் வேக அதுதான் வேண்டும். மூன்று தேங்காயையும் ஒரேயடியாக மிக்ஸியில் திணிக்காதீர்கள், நாலைந்து தடவையாகப் போடுங்கள், இல்லாவிட்டால் மிக்ஸி சூடாகி நின்றுவிடும்.

பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவைத்து மசித்து வையுங்கள். அடிகனமான பாத்திரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு வெங்காயம், பூண்டு வதக்கி, காய்களைப் போட்டு ஒரு புரட்டு. நிறம் மாறக் கூடாது. இஞ்சி மிளகாய் விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போகப் புரட்டி, மூன்றாம் பாலை ஊற்றி மூடி வேகவிடுங்கள். முருங்கைக்காயும் பட்டாணியும் வெந்த பிறகு இரண்டாம் பால், உப்பு, மசித்த பருப்பு. இது வரைக்கும் கொதிக்கலாம், பயமில்லை. காய் முழுசாக வெந்துவிட்டதா என்று இங்கேயே பார்த்துவிட வேண்டும், முதல் பால் ஊற்றின பிறகு வேகவைக்க முடியாது.

அடுப்பை முழுக்கக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். விளிம்பில் நுரை கூடி வரும். அந்த நுரை பாத்திரத்தின் நடுவுக்கு வருவதற்குள் அணைத்து, உடனே பாத்திரத்தை பர்னரிலிருந்து இறக்கிவிடுங்கள், அடுப்பின் மேலேயே இருந்தால் கம்பியின் சூட்டில் இன்னும் கொதிக்கும். எலுமிச்சை மூன்று பழம், அணைத்தவுடனே அல்ல, கை பொறுக்கும் சூடு வந்த பிறகு பிழிய வேண்டும். கொதிக்கிற குழம்பில் பிழிந்தால் பாலும் திரியும், கசப்பும் வரும். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை தாளிப்பு. எங்கள் வீட்டில் இதை நெய்யில்தான் தாளிப்போம், முந்திரியும் போடுவோம். உங்களுக்கு அந்தக் குழந்தை வருவதால் தேங்காய் எண்ணெயிலேயே தாளியுங்கள், ருசி ஒன்றும் குறையாது.

தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், அப்பளம். இஞ்சியைப் பொடியாக நறுக்கி நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, புளித்தண்ணீர், வெல்லம், கொஞ்சம் மிளகாய்த்தூள் விட்டுச் சுருள வற்றவைப்பது. தேங்காய்ப்பாலும் பருப்பும் வயிற்றில் கனமாக உட்காரும், அதற்கு இஞ்சி வேண்டும் என்றுதான் பெரியவர்கள் இதைக் கூட வைத்தார்கள். இஞ்சிப் பச்சடி இல்லாத சொதியை நான் பாதிச் சாப்பாடு என்றுதான் சொல்வேன். அரிசி பத்துப் பேருக்கு ஒன்றேகால் கிலோ போடுங்கள், சொதிக்குச் சோறு கொஞ்சம் அதிகமாகவே இறங்கும்.

---

சென்னிமலை மூர்த்தி வாத்தியார் இல்லை:

ஏனுங்க, உங்க வீட்டம்மா சொல்றதுதான் சரி. நான் சொதிக்கு எதிரி இல்லை, நன்றாக இருக்கும். ஆனால் விருந்துக்கு ஆள் கூப்பிட்டுவிட்டு, அடுப்பில் நுரை நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பவர் யாரோடு பேசுவார்? நீங்கள்தானே பேச்சுக்காக வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்றீர்கள். முதலில் வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் வியர்த்துக்கொண்டு உள்ளே நிற்பீர்கள்.

எங்கள் பக்கம் அரிசியும் பருப்பும் சாதம் வைத்துவிடுவோம். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, காய்ந்த மிளகாய், சீரகம் எல்லாம் வதக்கி, துவரம்பருப்பும் அரிசியும் போட்டுக் குக்கரை மூடினால் தீர்ந்தது. நெய்க்குப் பதில் செக்கு நல்லெண்ணெய் மேலே விடலாம், அந்தக் குழந்தையும் சாப்பிடும். அப்பளம், ஒரு பொரியல், ஊறுகாய், அவ்வளவுதான். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு தடவையாக வைத்தால் பத்துப் பேருக்குத் தாராளம்.

தவிர, வருகிறவர்களுக்குக் காரம் இல்லாத வெள்ளைக் குழம்பு பிடிக்குமா என்று கேட்டீர்களா? என் கூட வேலை செய்கிற குண்டூர்க்காரர் ஒருவர் சாம்பாரையே இனிப்பு என்று ஒதுக்குவார்.

---

நங்கநல்லூர் பசி:

அக்கா, இவ்வளவு விரிவாக யாரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எழுதியதை அப்படியே அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியாயிற்று. எதிர்க்கட்சியும் படித்துவிட்டு, பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறார், அது நல்ல அறிகுறி.

சென்னிமலை அண்ணா, அரிசியும் பருப்பும் சாதம் எனக்கும் உயிர், ஆனால் அது நாங்கள் வாரநாளில் இரவு செய்கிற சாப்பாடு ஆகிவிட்டது. விருந்து என்று கூப்பிட்டுவிட்டு அதைப் போட மனம் வரவில்லை. பேச்சைப் பற்றி நீங்கள் சொன்னது மட்டும் உறுத்துகிறது. அடுப்படியும் கூடமும் எங்கள் வீட்டில் ஒன்றுதான், நடுவில் ஒரு மேடைதான் இருக்கிறது, ஆகவே நின்றுகொண்டே பேசலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். தெலுங்குக்காரர் ஒருவர் வருகிறார், அவருக்காக ஒரு காரமான பொரியல் சேர்க்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். மூன்று தேங்காயைத் துருவிப் பிழிவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பாக்கெட் தேங்காய்ப்பால், டின் பால், பொடி எல்லாம் கடையில் கிடைக்கிறதே, அதை ஊற்றினால் என்ன குறையும்? பெரிய பாவமா?

---

ஆய்வுக்கூட அப்பளம்:

உணவுத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன், இந்தக் கேள்வி எங்கள் மேசையில் அடிக்கடி வருவது. பாவமெல்லாம் இல்லை, ஆனால் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறி நிற்பது. அந்தத் துளிகளைச் சுற்றித் தேங்காயின் சொந்தப் புரதம் ஒரு மெல்லிய தோல் மாதிரி மூடியிருப்பதால்தான் அவை ஒன்றோடு ஒன்று சேராமல் இருக்கின்றன. கொதிக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் போகும்போது அந்தப் புரதம் உருக்குலைந்து திரள்கிறது, எண்ணெய் விடுபட்டு மேலே வருகிறது. புளிப்பும் அதே வேலையைச் செய்யும். ஆகவே சூடு, புளிப்பு இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கெட வாய்ப்பு மிக அதிகம், தனித்தனியாக வந்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அக்கா எலுமிச்சையை ஆறிய பிறகு பிழியச் சொன்னதும் தக்காளி வேண்டாம் என்றதும் இதனால்தான் சரியாக வேலை செய்கின்றன. பாசிப்பருப்பின் மாவுச்சத்தும் உதவிக்கு வருகிறது, குழம்பு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் எண்ணெய்த் துளிகள் ஓடிப்போய் ஒன்றுசேர நேரமாகும். பருப்பை அரைகுறையாக மசித்தால் இந்தப் பலன் பாதிதான் கிடைக்கும், நன்றாகக் கடைந்துவிடுங்கள்.

இனி கடைச்சரக்கு. டின்னிலும் பாக்கெட்டிலும் வருவதைப் பெரும்பாலும் இயந்திரத்தில் அழுத்திச் செலுத்தித் துளிகளை இன்னும் சிறியதாக்கியிருப்பார்கள், கூடவே பிரியாமல் இருக்க ஏதாவது பசைப்பொருள் சேர்த்திருப்பார்கள். அதனால் வீட்டுப் பாலைவிட அது சூட்டைத் தாங்கும். கொதித்தாலும் சட்டென்று பிரியாது. ஆனால் பதப்படுத்தும்போது ஏற்கெனவே நல்ல சூட்டில் போட்டு எடுத்திருப்பதால் புதுத் தேங்காயின் வாசனை அதில் வராது, ஒரு வெந்த மணம் இருக்கும். மசாலா நிறைய போடும் குழம்பில் அது தெரியாது. சொதியில் மறைக்க எதுவும் இல்லை, அதனால் தெரியும். என் யோசனை, இரண்டாம் மூன்றாம் பாலுக்குப் பதிலாகப் பாக்கெட் பாலைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து ஊற்றுங்கள், முதல் பாலை மட்டும் இரண்டு தேங்காய் துருவி வீட்டிலேயே எடுங்கள். மெனக்கெடல் பாதியாகக் குறையும், கடைசியில் மூக்குக்கு வருவது புதுப் பாலின் மணமாகவே இருக்கும்.

பொடியை மட்டும் தொடாதீர்கள். ருசிக்காகச் சொல்லவில்லை, அந்தக் குழந்தைக்காகச் சொல்கிறேன். தேங்காய்ப்பால் பொடிகள் பலவற்றில் சோடியம் கேசினேட் என்ற ஒன்று சேர்க்கிறார்கள், அது பசும்பாலிலிருந்து எடுக்கும் புரதம். முன்பக்கம் தென்னை மரமும் தேங்காயும் படம் போட்டிருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் இது இருக்கும். பாக்கெட் பால் வாங்கினாலும் பொருள்பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். அப்படியே கடையில் வாங்கும் சிப்ஸ், மிக்சர், பெருங்காயம் என்று மேசையில் வைக்கிற எல்லாவற்றின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். கடைச் சிப்ஸுக்கு மேலே தூவும் மசாலாவில் பால்பொடி இருப்பதும் உண்டு.

முதல் பாலை முதல்நாள் இரவே எடுத்து வைக்கலாமா என்றால், வைக்கலாம், உடனே குளிர்சாதனப் பெட்டிக்குள் போக வேண்டும். சென்னை வெயிலில் வெளியே வைத்தால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே வெண்ணெய் போல ஒரு கட்டி மிதக்கும், கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், அவ்வளவுதான். பாத்திரத்தை வெந்நீருக்குள் கொஞ்ச நேரம் வைத்துக் கலக்கினால் பழையபடி ஆகிவிடும். பிழியும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விடச் சொல்வதும் அந்தக் கொழுப்பு இளகி வருவதற்குத்தான்.

---

சுன்னாகம் டூ ஸ்காபரோ:

வணக்கம் தம்பி. பால் பற்றி எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் சொதி இல்லாத நாள் இல்லை, ஆனால் உங்கள் திருநெல்வேலிச் சொதியைப் பார்த்தால் அது எங்களுக்கு ஒரு கல்யாணக் கறி போல இருக்கிறது. எங்களுடையது ஏழைப் பிள்ளை. பருப்பு இல்லை, இத்தனை மரக்கறியும் இல்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், ஒரு சிட்டிகை மஞ்சள், இவற்றை இரண்டாம் பாலில் அவித்து, முதற்பாலை விட்டு ஒரு கொதி வர முன்னமே இறக்கி, தேசிக்காய் (எலுமிச்சை) புளி விட்டால் சரி. தண்ணியாகத்தான் இருக்கும். இடியப்பத்துக்கு அதை விட்டு, பக்கத்தில் ஒரு சம்பலும் வைத்தால் வேறு என்ன வேண்டும். சோற்றுக்கும் கடைசியாகச் சொதி விட்டுச் சாப்பிடுகிற வழக்கம் உண்டு. மீன் போட்ட சொதி, தக்காளிச் சொதி, முருங்கையிலைச் சொதி என்று விதம் விதமாக வைப்பார்கள்.

அக்கா தக்காளியைக் கிட்டவே சேர்க்காதே என்கிறா, எங்கள் வீட்டில் தக்காளிச் சொதிக்குத்தான் பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். தக்காளியை முதலிலேயே அவித்து, அடுப்பைத் தணித்து, பிறகு பாலை விட்டுக் கை எடுக்காமல் கிளறினால் திரியாது. ஆனால் உங்கள் பத்துப் பேர் விருந்தில் இந்த விளையாட்டு வேண்டாம், அதில் நான் அக்கா பக்கம்.

இங்கே கனடாவில் பனிக்காலத்தில் தேங்காய் வாங்கினால் உடைத்த பிறகுதான் அதிர்ஷ்டம் தெரியும், உள்ளே பழுதாகிப்போனது நிறைய வரும். ஆகவே நாங்கள் டின் பாலில்தான் வாழ்கிறோம், அதற்கு நான் வெட்கப்படுவதில்லை. மேலே சொன்ன தம்பி சொல்லுகிற வெந்த மணம் உண்மைதான். அதற்கு நான் செய்வது, இறக்கின பிறகு பச்சைக் கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு மூடி வைப்பது. முழுசாகப் போகாது, ஆனால் சுகமாக இருக்கும்.

இன்னொன்று. தேங்காய்க்காக இரண்டு தடவை கடைக்குப் போக வேண்டாம், ஒன்று அதிகமாகவே வாங்கி வையுங்கள். உடைத்து ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதோடு சேருங்கள். ஒரு பழுது பட்ட தேங்காய் முழுப் பாலையும் கெடுத்துவிடும், அதைத் திருத்த எந்த வழியும் கிடையாது.

---

தாமிரபரணி அக்கா:

யாழ்ப்பாணத்து அண்ணாச்சி வந்தது சந்தோஷம். தக்காளிச் சொதியை நான் கொழும்புக்காரத் தோழி வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அது வேறு சாமி, கும்பிட்டாயிற்று. எங்கள் சாமிக்குத் தக்காளி ஆகாது.

பாக்கெட் பாலைக் கீழே ஊற்றி, மேலே வீட்டுப் பால் என்று சொன்னதற்கு முதலில் சண்டை போடலாம் என்று வந்தேன். யோசித்தால், ஐந்து லிட்டர் குக்கரும் ஒரு மிக்ஸியும் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அது நியாயமாகத்தான் இருக்கிறது. முதல் பாலில் கை வைக்காத வரைக்கும் எனக்குச் சம்மதம்.

சென்னிமலைத் தம்பி கேட்டது நல்ல கேள்வி, விருந்தாளி வந்த பிறகு அடுப்பங்கரையில் நிற்கக் கூடாது. வேலையை இப்படிப் பிரியுங்கள். சனிக்கிழமை இரவு வெங்காயம், பூண்டு உரித்து, இஞ்சிப் பச்சடி செய்து முடித்துவிடுங்கள், அது மறுநாள்தான் இன்னும் ருசியாக இருக்கும், வெளியில் வைத்தாலும் கெடாது. முதல் பால் எடுத்து உள்ளே வையுங்கள். பீன்ஸ், கேரட் நறுக்கலாம், உருளைக்கிழங்கை மட்டும் காலையில் நறுக்குங்கள். ஞாயிறு காலை ஒரு பர்னரில் சிப்ஸும் அப்பளமும் பொரித்து டப்பாவில் போட்டு மூடிவிட்டால் எண்ணெய் வேலை முடிந்தது. பத்து மணிக்குப் பருப்பு, பதினொன்றுக்குள் காய் வெந்து, இரண்டாம் பாலும் பருப்பும் சேர்ந்த நிலையில் சொதியை நிறுத்திவிடுங்கள். இங்கே விருந்தாளிகள் வரும் வரைக்கும் நிற்கும். எல்லாரும் வந்து, தண்ணீர் குடித்து, குழந்தைகள் இரண்டு தடவை சண்டை போட்ட பிறகு, சோற்றை உங்கள் குக்கரில் இரண்டு தடவையாகத்தான் வைக்க முடியும், இரண்டாம் தடவை வைக்கும்போது சொதியைத் திரும்பச் சூடாக்கி, முதல் பால் ஊற்றி இறக்குங்கள். குக்கர் பிரஷர் அடங்குகிற நேரத்தில் இதுவும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும், எலுமிச்சை பிழியச் சரியாக இருக்கும்.

மிச்சம் இருந்தால் ஆறினதும் உடனே உள்ளே வைத்துவிடுங்கள். மறுநாள் நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடாதீர்கள், கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை வைத்துச் சூடாக்குங்கள். தோசைக்கும் ரொட்டிக்கும் மறுநாள் சொதி எங்கள் வீட்டில் பங்கு போட்டுத்தான் கிடைக்கும். மிச்சமாகாது என்பது வேறு விஷயம்.

இனிப்புக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? திருநெல்வேலி அல்வா வாங்கலாம் என்று யோசிக்காதீர்கள், அது நெய்யில் மிதப்பது, அந்தக் குழந்தைக்கு ஆகாது. சாப்பாடே தேங்காய்ப்பாலாக இருக்கும்போது தேங்காய்ப்பால் பாயசமும் வேண்டாம், திகட்டும். வாழைப்பழத்தைச் சின்னத் துண்டாக நறுக்கி, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், கொஞ்சம் ஏலக்காய் போட்டுப் பிசைந்து வையுங்கள், நெய் விடாத பஞ்சாமிர்தம்.

---

நங்கநல்லூர் பசி:

முடிவாயிற்று. தேங்காய் நான்கு வாங்குகிறோம், முதல் பால் வீட்டில், மற்றது பாக்கெட்டில். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு அனுப்பிக் கேட்ட பிறகுதான் வாங்கினேன், அவரும் சரி என்றார். தெலுங்கு நண்பருக்காக உருளைக்கிழங்கு சிப்ஸை மட்டும் காரப்பொடி தூவிப் பாதி, தூவாமல் பாதி என்று வீட்டிலேயே பொரிக்கிறோம். எதிர்க்கட்சி முழுக்கக் கட்சி மாறவில்லை, அவருடைய உளுந்து வடையும் உண்டு என்று உடன்படிக்கை.

சென்னிமலை அண்ணா, சொதி திரிந்தால் அரிசியும் பருப்பும் சாதம்தான். துவரம்பருப்பும் சின்ன வெங்காயமும் கூடுதலாகவே வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா, பிழிந்த பிறகு மிஞ்சுகிற சக்கையை என்ன செய்வது? மூன்று தேங்காய்ச் சக்கையைக் குப்பையில் போட மனசில்லை.

---

தாமிரபரணி அக்கா:

மூன்று பால் எடுத்த சக்கை என்றால் அதில் ருசி ஒன்றும் இருக்காது, செடிக்குப் போட்டுவிடலாம். நீங்கள் முதல் பால் மட்டும்தானே எடுக்கப் போகிறீர்கள், அதில் இன்னும் சத்து இருக்கும். காய்ந்த மிளகாய், உளுத்தம்பருப்பு, புளி வறுத்துச் சேர்த்து அந்தச் சக்கையோடு கரகரப்பாக அரைத்தால் துவையல் ஆயிற்று. திங்கட்கிழமை சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்துகொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் அதிகம் விட்டுவிடாதீர்கள், சக்கை எவ்வளவு விட்டாலும் குடித்துக்கொண்டே இருக்கும்.